லண்டனில் படிக்கப் போனால் ஒரு நாள் எப்படி ஓடும்? அறை, வேலை, கடன்: முழு கணக்கு இதோ

ஓ.எம்.ஆரில் ஏதாவது ஒரு ஐ.டி. அலுவலக கேன்டீனில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும், 'மாஸ்டர்ஸ் போலாம்னு இருக்கேன்' என்ற பேச்சு காதில் விழும். அங்கிருந்து கேளம்பாக்கம், கோவளம் வழியாக ஈ.சி.ஆர். பக்கம் வந்தால் திருவிடந்தை. நித்ய கல்யாணப் பெருமாள் கோயிலில் கையில் மாலையோடு பிராகாரம் சுற்றுகிறவர்கள் கல்யாணம் கைகூட வேண்டுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். இந்தப் பக்கத்து வீடுகளில் இப்போது அதற்கு இணையாகக் கேட்கும் இன்னொரு கேள்வி, 'விசா வந்துடுச்சா?'

விசா வந்த பிறகு என்ன ஆகும் என்பதுதான் பலருக்கும் தெளிவாகத் தெரிவதில்லை. டவர் பிரிட்ஜ் முன்னால் எடுத்த படம் இன்ஸ்டாவில் வரும். அந்தப் படத்தை எடுத்தவர் அன்று இரவு எத்தனை மணிக்கு வேலை முடிந்து அறைக்குப் போனார் என்பது வராது. அந்த மிச்ச நேரத்தைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். ஒரு வருட முதுகலைப் படிப்புக்கு லண்டன் போகும் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கணக்குப் போட வசதியாக ஒரு பவுண்டு 120 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம்.

மாதம் எவ்வளவு செலவாகும்?

ஆளாளுக்கு ஒரு தொகை சொல்வார்கள். நம்பகமான ஒரு எண் வேண்டுமென்றால் பிரிட்டன் அரசே கொடுத்திருக்கிறது. மாணவர் விசா கேட்கும்போது, லண்டனில் படிப்பவர் மாதம் 1,529 பவுண்டு வீதம் 9 மாதத்துக்குப் பணம் காட்ட வேண்டும். 2025 நவம்பர் முதல் இருக்கும் விதி இது. மொத்தம் 13,761 பவுண்டு, அதாவது சுமார் 16.5 லட்சம் ரூபாய். இது போக, கட்ட வேண்டிய முதல் வருடக் கட்டணத்தின் பாக்கியையும் காட்ட வேண்டும். சேமிப்புக் கணக்கில் காட்டினால் அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் அங்கேயே இருந்திருக்க வேண்டும். 27-வது நாள் கொஞ்சம் எடுத்து, மறுநாள் திருப்பிப் போட்டாலும் விண்ணப்பம் அடிபடும்.

அப்போ மாதம் 1,529 பவுண்டு என்பது நம் பணத்தில் சுமார் 1.83 லட்சம். வாடகை, சாப்பாடு, பயணம், போன் எல்லாம் இதற்குள். இதில் பெரிய பங்கை வாடகை தின்றுவிடும்.

இது தவிர மருத்துவ சர்சார்ஜ் உண்டு. மாணவர்களுக்கு வருடம் 776 பவுண்டு. ஒரு வருடப் படிப்புக்கு விசா காலம் ஒரு வருடத்தைத் தாண்டும் என்பதால் பொதுவாக 1,164 பவுண்டு, கிட்டத்தட்ட 1.4 லட்சம் முன்கூட்டியே கட்ட வேண்டியிருக்கும். இதைக் கட்டிவிட்டால் என்.எச்.எஸ். எனப்படும் அரசு மருத்துவ சேவையில் டாக்டரைப் பார்க்கத் தனியாகப் பணம் கிடையாது. ஆனால் பலர் போன முதல் வாரத்தில் பக்கத்து கிளினிக்கில் பதிவு செய்வதில்லை. காய்ச்சல் வந்த பிறகுதான் ஓடுகிறார்கள். காசு கட்டியாச்சு இல்லையா, முதல் வாரத்திலேயே பதிவு செய்துவிடுங்கள்.

ஒரு நாள் எப்படி இருக்கும்?

ஒரு டிசம்பர் மாத வேலை நாளை எடுத்துக்கொள்வோம். காலை 7 மணிக்கு அலாரம் அடிக்கும்போது வெளியே இருட்டு. சூரியன் உதிக்க 8 மணி ஆகும், மாலை 4 மணிக்கு முன்பே மறைந்துவிடும். வெளிச்சம் மொத்தமே சுமார் 8 மணி நேரம். நம் கடற்கரையில் வருடத்தின் மிகக் குறுகிய பகலே 11 மணி நேரத்துக்கு மேல் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த வித்தியாசம் புரியும்.

கிச்சனை நாலைந்து பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். பிரிட்ஜில் ஆளுக்கு ஒரு தட்டு. காலையில் தோசை ஊற்ற நேரமிருக்காது. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் செய்து டப்பாவில் போட்டு வைத்த சாம்பாரோ, சிக்கன் குழம்போதான் வாரம் முழுவதும் ஓடும். தாளிக்கும்போது மட்டும் கவனம். கடுகு வெடித்து, மிளகாய் கருகி, புகை கொஞ்சம் கூடினால் அலாரம் கத்தும். மாணவர் விடுதி என்றால் மொத்தக் கட்டடமும் குளிரில் தெருவுக்கு வந்து நிற்க வேண்டிவரும்.

ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்பிளி, ஹாரோ பக்கம் போனால் முருங்கைக்காய், இட்லி மாவு, சுண்டைக்காய் வற்றல் எல்லாம் கிடைக்கும். பெரும்பாலும் ஈழத்தமிழர்கள் பல வருடங்களாகக் கட்டி எழுப்பிய கடைத்தெருக்கள் இவை. கோயில் வேண்டுமென்றால் மேனர் பார்க்கிலும் ஹைகேட்டிலும் முருகன் கோயில்கள் இருக்கின்றன. மற்ற சாமான்களுக்கு சூப்பர் மார்க்கெட்டில் மஞ்சள் ஸ்டிக்கர் தேடுவது மாணவர்களின் பழக்கம். காலாவதி நெருங்கும் பொருட்களுக்கு மாலையில் விலையைக் குறைத்து ஒட்டும் ஸ்டிக்கர் அது.

பயணத்தில் ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. ட்யூப் ரயில் வேகம், ஆனால் செலவு அதிகம். பஸ்ஸில் 2025 நிலவரப்படி 1.75 பவுண்டு. முதல் பஸ்ஸில் கார்டைத் தட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே கட்டணம்தான். முழுநேர மாணவர்கள் ஸ்டூடன்ட் ஆய்ஸ்டர் கார்டு வாங்கினால் வார, மாத பாஸ்களில் 30 சதவீதம் குறையும்.

வகுப்பு? இங்கே காலேஜ் மாதிரி காலை முதல் மாலை வரை இருக்காது. சில நாள் இரண்டு மணி நேரம், சில நாள் வகுப்பே இல்லை. 'ஈஸியா இருக்கே' என்று முதல் மாதம் தோன்றும். உண்மையில் பிரிட்டன் முதுகலைப் படிப்பு 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்பது அங்கே வழக்கமான கணக்கு. ஆக 1,800 மணி நேரம். ஒரு வருடத்தில் வகுத்துப் பார்த்தால் வாரம் சுமார் 35 மணி நேரம் வருகிறது. வகுப்பில் நடக்காத மீதியை நூலகத்தில் தனியாக உட்கார்ந்துதான் படித்தாக வேண்டும்.

மார்க் இன்னொரு அதிர்ச்சி. முதுகலையில் பொதுவாக 50 எடுத்தால் பாஸ், 60 எடுத்தால் மெரிட், 70-ஐத் தொட்டால் டிஸ்டிங்ஷன். 90-ஐ எதிர்பார்த்துப் பழகிய பிள்ளை 64 வாங்கிவிட்டு அழும். அழத் தேவையில்லை, அது நல்ல மார்க். இணையத்தில் இருந்து எடுத்து ஒட்டினால்தான் ஆபத்து. திருட்டு எழுத்தை மென்பொருள் கண்டுபிடிக்கும், விசாரணை வரும்.

மாலை 5 மணிக்கு ஷிப்ட். சூப்பர் மார்க்கெட், காபி ஷாப், ஹோட்டல் கிச்சன், கேர் ஹோம், ஏதோ ஒன்று. இரவு 10 மணிக்கு முடித்து வெளியே வரும்போது திருவிடந்தையில் விடிகாலை 3.30 மணி. அம்மாவுக்குப் போன் போட முடியாது. அதனால்தான் பல வீடுகளில் அந்த அழைப்பு லண்டன் காலையில், இங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில் வருகிறது. 'சாப்பிட்டியாப்பா?' 'ஆச்சும்மா.' பெரும்பாலும் ஆகியிருக்காது.

பார்ட் டைம் வேலையில் சமாளித்துவிடலாமா?

ஏஜென்ட்டுகள் அதிகம் சொல்லும் வாக்கியம் இது: 'போய்ட்டா போதும், பார்ட் டைம்ல எல்லாம் வந்துடும்.' கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பட்டப்படிப்பு, அதற்கு மேல் படிப்பவர்கள் வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். 2026 ஏப்ரல் முதல் 21 வயதுக்கு மேற்பட்டவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.71 பவுண்டு. 20 மணி நேரம் என்றால் வாரம் 254 பவுண்டு, மாதம் சுமார் 1,100 பவுண்டு. ஒரு வாரம்கூட விடாமல், முழு 20 மணி நேரமும் வேலை கிடைத்தால் வரும் தொகை இது.

அரசே சொல்லும் மாதச் செலவு 1,529. வருமானம் 1,100. மாதம் சுமார் 430 பவுண்டு, அதாவது 51 ஆயிரம் ரூபாய் துண்டு விழுகிறது. கல்லூரிக் கட்டணம் இந்தக் கணக்கிலேயே இல்லை. பார்ட் டைம் வேலை சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கை கொடுக்கும். ஃபீஸ் கட்டாது.

இந்தத் துண்டை அடைக்கத்தான் சிலர் விதியை மீறுகிறார்கள். மூன்று இடங்களில் கவனமாக இருக்க வேண்டும்.

முதலாவது, 20 மணி நேரம் என்பது சராசரி கிடையாது. திங்கள் முதல் ஞாயிறு வரை எந்த வாரமும் தாண்டக்கூடாது. இந்த வாரம் 25, அடுத்த வாரம் 15 என்றால் அது மீறல்தான்.

இரண்டாவது, கோடை விடுமுறை. இளங்கலை மாணவருக்குக் கோடை என்பது விடுமுறை, முழுநேரம் உழைக்கலாம். முதுகலை மாணவருக்கு அது ஆய்வறிக்கை எழுதும் காலம், அவருக்குப் பொதுவாக அதுவும் வகுப்புக் காலம்தான். 'சம்மர்ல ஃபுல் டைம் பண்ணி கடனை அடைச்சுடலாம்' என்று கணக்குப் போடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

மூன்றாவது, உணவு டெலிவரி. மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக்கூடாது. டெலிவரி ஆப்களில் ஓட்டுவது பொதுவாக சுயதொழில் கணக்கில் வரும். இன்னொருவர் அக்கவுன்ட்டை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது அதைவிட மோசம். மாட்டினால் விசாவே ரத்தாகும். படிப்பும் போய், கட்டிய பணமும் போய், கடன் மட்டும் மிஞ்சும்.

அறை தேடும்போது என்ன பார்க்க வேண்டும்?

இங்கிலாந்தில் வாடகை அட்வான்ஸுக்கு உச்சவரம்பு உண்டு. சாதாரண வாடகை வீட்டுக்கு ஐந்து வாரத் தொகைக்கு மேல் டெபாசிட் கேட்கக்கூடாது. வாங்கிய டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும். தனியார் வாடகை வீடுகளில் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்கும் வழக்கத்துக்கும் 2026 மே 1 முதல் கடிவாளம் வருகிறது.

ஆனால் நம் ஆட்கள் பலரும் எடுப்பது இந்த மாதிரி வீடு இல்லை. தெரிந்தவர் மூலமாக, வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டிலேயே ஒரு அறை. இதில் சிக்கல் என்னவென்றால், வீட்டுக்காரர் கூடவே இருந்தால் நீங்கள் சட்டப்படி 'லாட்ஜர்'. டெபாசிட் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. 'நம்ம தமிழ் ஆளுதானே' என்று ரசீது இல்லாமல் கையில் கொடுத்த பணத்தை பிறகு கேட்டு வாங்குவது கஷ்டம். எழுத்தில் ஒரு ஒப்பந்தம், வங்கி வழியாகப் பணம், உள்ளே போன அன்றே அறையின் வீடியோ. இந்த மூன்றும் இருந்தால் பேச ஒரு பிடி இருக்கும்.

ஒரே குடும்பத்தைச் சேராத ஐந்து பேரோ அதற்கு மேலோ தங்கும் வீட்டுக்கு உள்ளூர் கவுன்சில் லைசென்ஸ் கட்டாயம். ஒரு அறையில் மூன்று மெத்தை, ஒரே பாத்ரூமுக்கு ஒன்பது பேர் என்று இருந்தால் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டைப் பார்க்காமல் ஊரிலிருந்தே பணம் அனுப்பச் சொன்னால், அனுப்பாதீர்கள். முழுநேர மாணவர்களுக்கு கவுன்சில் வரி கிடையாது, அதற்கான சான்றைப் பல்கலைக்கழகத்தில் கேட்டு வாங்கலாம்.

தனிமையையும் குளிரையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளலாமா?

1914 மார்ச்சில் மெட்ராஸ் துறைமுகத்தில் இருந்து ஒரு இளைஞர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். கணித மேதை ராமானுஜன். கேம்பிரிட்ஜில் சைவச் சாப்பாட்டுக்காகத் தன் அறையிலேயே சமைத்தார். போர்க்காலம் என்பதால் பொருட்களும் சரியாகக் கிடைக்கவில்லை. இரவில் குளிர் தாங்காமல், மேல்கோட்டு போட்டுக்கொண்டு போர்வைகளுக்கு மேலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார். போர்வைகள் மெத்தையோடு சேர்த்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றை இழுத்து, உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பார்க்க வந்த நண்பர் பி.சி.மகலனோபிஸ்தான் அதைக் காட்டிக்கொடுத்தார். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியலின் தந்தை என்று பெயர் எடுத்தவர் அவர்.

அவ்வளவு பெரிய மூளைக்கும் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லித்தர ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கிறது. ராமானுஜனின் உடலும் மனமும் அங்கே கடுமையாகப் பாதிக்கப்பட்டன. 1919-ல் ஊர் திரும்பி, அடுத்த வருடமே 32 வயதில் இறந்தார்.

இன்று நிலைமை வேறு. ஹீட்டர் இருக்கிறது, வீடியோ கால் இருக்கிறது. ஆனாலும் கேட்கக் கூச்சப்படும் பழக்கம் மாறவில்லை. ஹீட்டரை எப்படிப் போடுவது, மருந்து எங்கே வாங்குவது, ராத்திரி தூக்கமே வரவில்லை என்றால் யாரிடம் பேசுவது என்பதைக் கேட்காமலே பலர் மாதங்களை ஓட்டுகிறார்கள். பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இலவச கவுன்சலிங் இருக்கும். அவசரம் இல்லாத மருத்துவ ஆலோசனைக்கு 111, உயிருக்கு ஆபத்து என்றால் 999. வெயில் குறைவான அக்டோபர் முதல் மார்ச் வரை வைட்டமின் டி மாத்திரை எடுத்துக்கொள்ளலாம் என்று என்.எச்.எஸ். சொல்கிறது. கறுத்த நிறம் உள்ளவர்கள் வருடம் முழுவதும் எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்பதும் அதே ஆலோசனையில் இருக்கிறது.

சிக்கனத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் இன்னொரு லண்டன் மாணவர் இருக்கிறார். 1888-ல் சட்டம் படிக்கப் போன காந்தி. ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார், வண்டிக்குக் கொடுக்காமல் மைல் கணக்கில் நடந்தார், ஒற்றை அறைக்கு மாறித் தானே சமைத்தார். அவருக்கும் ஆரம்பத்தில் சூட், டான்ஸ் வகுப்பு, வயலின் என்று பணம் கரைந்திருக்கிறது. கணக்கைப் பார்த்துச் செலவைக் குறைத்த பிறகுதான் நிலைமை கைக்குள் வந்தது. இன்று அதற்கு போனில் ஒரு ஆப் போதும்.

முடித்த பிறகு கடன் அடையுமா?

கட்டுரையின் முக்கியமான பகுதி இதுதான். உதாரணத்துக்கு ஃபீஸ் 25,000 பவுண்டு, அதாவது 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 12 மாதச் செலவு 22 லட்சம். மருத்துவ சர்சார்ஜ், விசா கட்டணம் சேர்த்து 2 லட்சம். விமான டிக்கெட் இல்லாமலே 54 லட்சம். மூன்றாவது மாதம் வேலை கிடைத்து, 10 மாதம் விடாமல் உழைத்தால் 13 லட்சம் வரும். மிச்சம் சுமார் 40 லட்சம்.

அந்த 40 லட்சத்தையும் 10 சதவீத வட்டியில், 10 வருடக் கடனாக வாங்கியிருந்தால் மாதத் தவணை சுமார் 53 ஆயிரம். படிக்கும் காலத்து வட்டியை இதில் சேர்க்கவில்லை. 7.5 லட்சத்துக்கு மேல் போனால் அரசு வங்கிகள் பொதுவாக அடமானம் கேட்கும். ஈ.சி.ஆர். பக்கம் அது பெரும்பாலும் வீடு அல்லது மனைப் பத்திரம். அதாவது அப்பா, அம்மா குடியிருக்கும் இடம்.

படிப்பு முடிந்ததும் கிராஜுவேட் விசாவில் 2 வருடம் தங்கி வேலை தேடலாம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இது 18 மாதமாகக் குறைகிறது. அதற்குப் பிறகும் தங்க வேண்டுமென்றால், ஸ்பான்சர் லைசென்ஸ் உள்ள நிறுவனம் வேலை தர வேண்டும். 2025 ஜூலை முதல் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்குப் பொதுவான சம்பள வரம்பு வருடம் 41,700 பவுண்டு. புதிதாகப் படிப்பை முடித்தவர் போன்றோருக்கு மட்டும் 33,400.

33,400 சம்பளத்தில் வரி போகக் கையில் மாதம் சுமார் 2,300 பவுண்டு. செலவு 1,529 போனால் 92 ஆயிரம் ரூபாய் மிஞ்சும். 53 ஆயிரம் தவணை கட்டலாம், கடன் அடையும். அந்த வேலை கிடைக்காமல் சென்னைக்குத் திரும்பினால், இங்கே வாங்கும் சம்பளத்தில் இருந்து அதே 53 ஆயிரத்தைக் கட்ட வேண்டும். ஆக மொத்தத் திட்டமும் அந்த ஒற்றை ஸ்பான்சர் வேலையில்தான் தொங்குகிறது.

கடன் இல்லாமல் போக வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் 125 இடங்கள். இரண்டிலும் குடும்ப வருமான வரம்பு உண்டு. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை ஒரு வருட முதுகலைக்கு ஃபீஸ், தங்கும் செலவு, விமான டிக்கெட் வரை ஏற்கிறது. அதற்கு 2 வருட வேலை அனுபவம் வேண்டும். ஐ.டி.யில் இருப்பவர்கள் இதை அதிகம் கவனிப்பதில்லை. முடித்ததும் 2 வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடன்தான் வழி என்றால், பழைய வருமான வரி முறையில் வட்டிக்கு 8 வருடம் வரை விலக்கு கிடைக்கும்.

கையெழுத்துப் போடும் முன் ஏஜென்ட்டிடம் மூன்று விஷயம் கேளுங்கள்:

- இந்தப் படிப்பை, இதே பல்கலைக்கழகத்தில் முடித்த இந்திய மாணவர்களில் எத்தனை பேருக்கு ஸ்பான்சர் வேலை கிடைத்தது?
- உங்கள் கமிஷன் யார் தருகிறார்கள், எவ்வளவு?
- பார்ட் டைம் வேலையே இல்லாமல் முதல் நான்கு மாதம் ஓட்ட எவ்வளவு பணம் வேண்டும்?

பதில்களை எழுதி வாங்கி, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சத்தமாகப் படியுங்கள். பத்திரத்தை அடமானம் வைக்கப் போகிறவர்களுக்கும் அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து, சரி என்று சொல்லிவிட்டால் தாராளமாகக் கிளம்பலாம். சூட்கேஸில் மிளகாய்த்தூளோடு ஒரு தெர்மல் உடையும் இருக்கட்டும்.